பாஸ்புக்கின் முதல் பக்கம்

கஞ்சி மடத்தில் குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. அங்கே யாரும் இதை விநோதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

குரு தேவைக்கு மேல் பேசமாட்டார். சாமி என்பார்கள். சீடர் நாச்சிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சுக்கு ஸ்டாப்பிங் கிடையாது.

மலையேறுகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது மடத்தின் வேலை. காய்ச்சுகிறவள் பழனாத்தாள். ஒருநாள் மூச்சு வாங்கி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். வருகிற வியாழன் ஆபரேஷன் என்று நாளும் குறித்துவிட்டார்.

பணத்துக்கு நான் ஆச்சு என்றார் நாச்சிமுத்து. தன் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்தார். பேர், கணக்கு எண், செல் நம்பர், விலாசம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ஆதார் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். டெப்போ குரூப், கோயில் குரூப், வாக்கிங் குரூப் என்று ஒன்று விடாமல் வாட்ஸ்அப்பில் போட்டார். எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று கீழே எழுதினார். அனுப்பினார்கள். எங்கெங்கேயோ போனது.

பணம் வந்தது. போன் மணியடிக்கிறபோதெல்லாம் அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பழனாத்தாளிடம் சொல்வார். ஆபரேஷனுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது.

அப்புறம் ஒரு போன். நல்ல மரியாதையான குரல். ஐயா, இருநூற்றைம்பது போடப்போய்ச் சுழி இரண்டு கூடிவிட்டது, இருபத்தைந்தாயிரம் உங்கள் கணக்கில் விழுந்துவிட்டது, பிள்ளையின் காலேஜ் பீஸ், தயவுபண்ணித் திருப்பி அனுப்புங்கள் என்றது. பார்த்தார். விழுந்துதான் இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இறங்கிப்போனவரின் மீதிச் சில்லறை பைக்குள் தங்கிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காத ஆள் அவர். குரல் சொன்ன நம்பருக்கு அந்த நிமிஷமே அனுப்பிவிட்டார். அனுப்பியபின்தான் மூச்சு வந்தது.

திங்கட்கிழமை கணக்கு முடங்கியது. பாங்கில் போய்க் கேட்டார். அந்த இருபத்தைந்தாயிரம் வேறு மாநிலத்தில் யாரோ ஒரு பெண்ணை ஏமாற்றிப் பிடுங்கிய பணம். திருடன் அதை நாச்சிமுத்து கணக்கில் போட்டு, அவர் கையாலேயே தனக்கு அனுப்ப வைத்துவிட்டான். போலீஸ் முடக்கச் சொல்லியிருக்கிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். பழனாத்தாளின் பணம் மொத்தமும் உள்ளே மாட்டிக்கொண்டது. திருடனுக்கு நம்பர் எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை சாமி முன்னால் வந்து நின்றார்.

"நான் ஒண்ணையும் மறைக்கலீங்க சாமி. நல்ல காரியம்னு எல்லாத்தையும் திறந்து வெச்சேன். அது தப்புங்களா?"

சாமி கஞ்சி அண்டாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேருமாகத் தூக்கிப்போய் ரோட்டோரம் வைத்தார்கள். சாமி மூடியை எடுத்துக் கீழே வைத்தார். அகப்பையை உள்ளே போட்டார். திரும்பி நடந்தார்.

"சாமி, கஞ்சி?"

"பசிக்கறவங்க வந்து குடிச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டு வேட்டி துவைக்கப் போய்விட்டார்.

நாச்சிமுத்து அண்டாவை விட்டு நகரவில்லை. லாரி ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. செவலை நாய் ஒன்று அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தன் துப்ப இடம் தேடியபடியே அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான். நாச்சிமுத்து ஓடிப்போய் மூடியைப் போட்டார். அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

சாமி ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏன் மூடிட்டீங்க? கஞ்சி எல்லாருக்கும்தானே?"

"எல்லாருக்கும்தானுங்க. வாரவங்களுக்கு நானே ஊத்தறேன். இப்படித் திறந்து போட்டுட்டுப் போனா எவன் என்னத்தைக் கொண்டாந்து போடுவானோ…"

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாமி வேட்டியை உதறிக் கொடியில் விரித்தார்.

"கண்டக்டரே, பஸ்ஸுல ஒருத்தர் மீதி கேட்டா?"

"டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பனுங்க. பின்னால நான் எழுதினது இருக்கும்."

"போன்ல கேட்டவன்?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"குரல் நல்லா இருந்துச்சுங்க சாமி."

"சட்டையை மாத்திட்டு வாங்க. பஸ் வந்துரும்."

சைபர் கிரைம் போலீசுக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் நாச்சிமுத்து வாயே திறக்கவில்லை. எஸ்.ஐ. போட்டோவைப் பார்த்தார். ஆதாரையுமா போட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் புகாரை எழுதிக்கொண்டார். கணக்கைத் திறக்க நாளாகும் என்றார்.

வெளியே வந்ததும் சாமி இரண்டு வேலை சொன்னார். அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும். கொடுக்க நினைக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக் கவுண்டரிலேயே பழனாத்தாள் பேரில் கட்டட்டும் என்று எழுத வேண்டும். நாச்சிமுத்து அழித்தார். தான் போட்டதைத்தான் அழிக்க முடிந்தது. ஊரார் போனில் இருந்ததை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முன்பின் தெரியாத குரல்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது நிற்கவில்லை.

வியாழன் வந்து போயிற்று. பழனாத்தாளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தே கிடந்தாள். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார். கை மாற்றி மாற்றி விசிறினார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"உங்க வாய்தான் பஸ் ஸ்டாண்டு மைக்குன்னு நெனச்சேன். பாஸ்புக்கும் அப்படியேங்களாண்ணா?"

சொன்னதற்கே அவளுக்கு மூச்சு இரைத்தது. பேசாதே என்று விசிறியை இன்னும் வேகமாக ஆட்டினார் அவர். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

டெப்போவின் பழைய ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு நேரில் போய்ப் பணம் கட்டினார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். நாச்சிமுத்து அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வராந்தா பெஞ்சில் சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமி, இனிமே எவனையும் நம்பறதில்லைங்க."

சாமி அவர் பக்கம் திரும்பினார்.

"அதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"எதைங்க சாமி?"

"உங்க நம்பிக்கையும் களவு போயிருச்சுன்னு."