விருந்தாளியின் மீன்

“எனக்கு எப்போ தனிப் படகு குடுப்பே, லிங்கம்மா?” என்று கேட்டார் ஹாலன்.

நீலகிரி ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய் வழிகாட்டுவது லிங்கம்மாவின் தொழில். ஹாலன் அவளைவிடப் பத்து வயது மூத்த மாணவர். தேயிலை ஆலை மூடிய பிறகு வந்து சேர்ந்தவர். இதுவும் கைவிட்டால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

“மீன் எங்கே நிக்கும்னு தெரியும். இறகால கட்டின பொய் ஈயை என்னை மாதிரி வீச இங்கே ஆள் உண்டா?”

“இல்லை அண்ணா. துடுப்பை எடுங்க. இன்னைக்கு நான்தான் விருந்தாளி.”

ஏரி நடுவில் லிங்கம்மா தூண்டிலை வீசினாள். ஈ அவள் முக்காட்டிலேயே மாட்டிக்கொண்டது. அடுத்த வீச்சு தண்ணீரை அறைந்தது.

“எப்படி?”

“பிரமாதம். மீனெல்லாம் ஊட்டிக்கே ஓடியிருக்கும்.”

கரைமர நிழலில் ஒரு வளையம் விரிந்தது. பெரிய மீன். அவள் வலப்பக்கம் வீசினாள். மறுபடியும் வலப்பக்கம்.

ஹாலனின் உள்ளங்கை அரித்தது.

“அங்கே இல்லை! ஐயோ, இப்படிக் குடு!”

பிடுங்கினார். ஒரே வீச்சு. பூந்தாதுபோல் இறங்கிய ஈயை மீன் கவ்வியது. தூண்டில் வளைந்தது.

“பாத்தியா!”

துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பினார். துடுப்பு லிங்கம்மாவின் கையில் இருந்தது.

“அருமையான மீன், விருந்தாளி ஐயா. கரைக்குப் போகலாமா?”

மறுநாள் காலை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார்.

“ஹாலன் அண்ணா கூட்டிட்டுப் போவார்,” என்றாள் லிங்கம்மா.

ஹாலன் அவளைத் தனியே இழுத்தார். “நேத்து நடந்த பிறகுமா?”

“நேத்து நடந்ததாலதான். இவர் திரும்பி வந்து என்ன சொல்றார்னு கேட்டு முடிவு பண்றேன்.”

ஏரியில் மீன் எழும்பியது. வந்தவர் இடப்பக்கம் தள்ளி வீசினார். ஹாலனின் கை உயர்ந்தது. பாதியில் நின்றது. துடுப்புக்கே திரும்பியது.

மனிதர் எப்போதும் இடப்பக்கமே வீசினார்.

ஹாலன் ஒரு துடுப்பை மட்டும் மெல்ல அழுத்தினார். படகு ஓசையில்லாமல் திரும்பியது. அடுத்த வீச்சும் இடப்பக்கம்தான் போனது. இப்போது மீன் அங்கே இருந்தது.

கூச்சல் போட்டார் அந்த மனிதர். ஹாலன் மலைமேல் ஏறும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு கரை தட்டுமுன்பே வந்தவர் குதித்தார்.

“மூணு மீன், அம்மா! மூணும் நானே கண்டுபிடிச்சது. உங்க ஆள் வாயே திறக்கலை. மலையை வேடிக்கை பாத்துட்டு வந்தார். இவர் எதுக்கு?”

ஹாலனின் காது சுட்டது. லிங்கம்மாவைப் பார்த்தார்.

அவள் குனிந்து படகின் கயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். “இனி இது உங்க படகு, அண்ணா.”