கூலிக்குப் பறந்த ஓலைப் பறவை

காற்று ஓயாத ஒரு காட்டில் ஒரு குரங்கு இருந்தது. அதற்குக் கை சும்மா இருக்காது, குழந்தைகளே! மூங்கில் சிம்பில் பனையோலையைக் கட்டி, நீளமான கொடியைக் கயிறாக முடிந்து, ஓர் ஓலைப் பறவை செய்தது. அது விர்ரென்று மேலே போனதும் குரங்குக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் காட்டு வானத்துக்குக் கழுகுதான் காவல். "விளையாட்டுக்கு விடுகிறாயா? புல்வெளியில் உன் விருப்பம்போல விடு. என்னைக் கேட்க வேண்டாம். கூலிக்கு விடுவதானால் மட்டும் முதலில் என்னிடம் அனுமதி வாங்கு" என்றது கழுகு.

கழுகின் காதில் விழும்படியே குரங்கு முணுமுணுத்தது. 'அதே ஓலை, அதே கொடி, அதே நான். கூலி வாங்கினால் என்ன மாறிவிடும்?'

இதை மோப்பம் பிடித்த நரி வந்தது. "தம்பி, ஆற்றுக்கு அக்கரையில் என் மச்சான் நாவல்பழம் பறித்து வைத்திருக்கிறான். ஓலைப் பறவையில் கூடை கட்டி இக்கரைக்குக் கொண்டுவா. கூடைக்கு ஒரு கைப்பிடி பழம் உனக்கு."

"கழுகிடம் கேட்க வேண்டாமா?"

"யாராவது கேட்டால் விளையாட்டு என்று சொல்லிவிடு!"

கூடை போனது, வந்தது. திடீரென்று காற்று சுழன்றது.

"இன்றைக்குப் போதும்" என்றது குரங்கு.

"அங்கே மச்சான் காத்திருக்கிறான். இப்போது நிறுத்தினால் உன் பங்கும் கிடையாது!"

குரங்கு மறுபடி விட்டது. பழத்தோடு திரும்பும்போது கொடி அறுந்தது. ஓலைப் பறவை ஆற்றுத்திட்டு மரத்தில், கொக்கின் கூட்டில் போய் மோதியது. கூடு சரிந்து, குஞ்சு கிளை நுனிக்கு உருண்டது. தாய்க்கொக்கு அலறிப் பாய்ந்து அதைக் கவ்விக்கொண்டது. குரங்குக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கழுகு வந்து இறங்கியது. நரி முந்திக்கொண்டது. "சும்மா விளையாட்டு, ஐயா!"

"அப்படியா? அப்படியானால் சிதறிய பழம் யாருக்கும் சொந்தமில்லை. எல்லோரும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்!"

"ஐயையோ, அது என் சரக்கு! கூலி பேசிக் கொண்டுவந்தது!" என்று நரி கத்தியது. மைனாக்கள் சிரித்துக்கொண்டே பழத்தைக் கொத்தின.

கழுகு குரங்கிடம் திரும்பியது. "நேற்று நீ விளையாட்டுக்கு விட்டபோதும் காற்று சுழன்றதே, என்ன செய்தாய்?"

"உடனே இறக்கிவிட்டேன்."

"இன்று?"

குரங்கு கொக்கின் குஞ்சைப் பார்த்தது. "நரியின் மச்சான் காத்திருந்தான், நிறுத்தினால் கூலியும் போய்விடும். இறக்க மனம் வரவில்லை."

"கூலி வாங்கினால் என்ன மாறிவிடும் என்று முணுமுணுத்தாயே, அதுதான் மாறியது" என்றது கழுகு.

நீதி: கூலி வேலையை விளையாட்டு என்று சொல்லி விதியைத் தாண்டினால், சரிவது அடுத்தவர் கூடு.