பூஜ்யம் வாங்கிய ஒலிப்பதிவு

"வெட்டச் சொல்றாங்க சார்," என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் ஜெசிந்தா.

அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒலிபரப்பும் டிஜிட்டல் ஊடகமும் படிக்கிறவள். பெண்கள் விடுதியில் தண்ணீர் வராததைப் பற்றி வளாக வானொலிக்கு ஒரு நிகழ்ச்சி செய்திருந்தாள். பேசப் பயந்த பெண்களிடம், உங்க கஷ்டம் வெளியே கேட்கும், நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

பல்கலைக்கழகப் பதிவாளர் அதை முன்கூட்டியே கேட்டுவிட்டு, மாணவி குரல் ஒன்றுகூட வரக்கூடாது என்றுவிட்டார். வந்தால் நிலையத்தைப் பூட்டிவிடுவாராம்.

தாவூத் சார் ஒலிப்பதிவுப் பாடம் எடுப்பவர். வாயைத் திறந்தால் வரி போடுவார்கள் என்பதுபோல்தான் பேசுவார்.

"வெட்டு," என்றார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நீங்களும் பயந்தாங்கொள்ளிதானா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

சார் அசரவில்லை. "எதை வெட்டச் சொன்னார்?"

"குரலை."

"குரலை மட்டும்தானே?"

"அது போனா என்ன சார் மிச்சம்?"

"முதல் செமஸ்டர்ல உனக்கு முட்டை போட்டேனே. அந்தப் பதிவு இருக்கா?"

மறக்கிற முட்டையா அது. பேச்சை வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட அறையின் அமைதி வேண்டும், ஒரு நிமிடம் பதிந்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தார். எல்லோரும் நூலகத்துக்குப் போனார்கள். இவள் விடுதிக் குளியலறையில் பதிந்தாள். யாரோ வந்து குழாயைத் திருக, வெறும் காற்று சீறியது. காலி வாளியை இழுத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போனாள் அந்தப் பெண். அங்கேயும் காற்றுதான்.

மதிப்பெண்ணுக்காக அவரோடு மல்லுக்கட்டியவள், ஆதாரமாக இருக்கட்டும் என்று அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருந்தாள்.

சார் ஹெட்போனை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மாலையில் நிலைய அறிவிப்பாளர் "பெண்கள் விடுதி, காலை ஆறு மணி" என்று மட்டும் வாசித்தார். பிறகு குழாய் திருகும் சத்தம். சீறும் காற்று. வாளி தரையில் உரசும் ஒலி. மறுபடி குழாய். வெட்டிய ஒவ்வொரு குரலின் இடத்திலும் அதையே வைத்திருந்தாள் ஜெசிந்தா.

கேன்டீன் ஒலிபெருக்கியின் கீழே யாரும் தட்டில் கை வைக்கவில்லை.

நிகழ்ச்சி முடிவதற்குள் நிலையத்தில் தொலைபேசி அடித்தது. தாவூத் சார் நீட்டிய கையைத் தாண்டி ஜெசிந்தாவே எடுத்தாள். யார் பேசினது என்று கத்தினார் பதிவாளர்.

"யாரும் பேசலை சார். நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

அவள் வைத்துவிட்டாள். மனசு நிறைந்திருந்தது.

வெளியே என்னவோ சத்தம். எட்டிப் பார்த்தாள். விடுதிப் பெண்கள் காலி வாளிகளைத் தார் ரோட்டில் தரதரவென்று இழுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இப்பவாவது அந்த மார்க்கை மாத்துவீங்களா சார்?"

தாவூத் சார் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார்.

"மாட்டேன். நான் கேட்டது அமைதி. இது அமைதியா?"