நாங்க இங்கயே இருக்கோம்

ஞானம் வேண்டுமென்றால் ஜனங்கள் மலையேறுவார்கள். பூரணத்தம்மாள் தன் சீடர்கள் ஏழு பேரைப் பாய்மரப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தமான் பக்கம், ஆளில்லாத தீவுகள் சிதறிக் கிடக்கிற கடல்.

"ஏம்மா கடலுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"மலையில ஆளுக்கொரு பக்கமா நடந்து போயிடறீங்க. படகுல தப்பிச்சு எங்க போவீங்க?" என்றார்.

உமையொருபாகம் படகிலும் தப்பித்துவிட்டார்.

சீடர்களில் அவர்தான் மூத்தவர். குருவைவிடவே இருபது வயது பெரியவர். குரு அவரை ஐயா என்பார், அவர் குருவை அம்மா என்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று குழம்பத்தான் செய்வார்கள்.

மாயவரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். போன வருஷம் மனைவி இறந்துபோனார். பிள்ளை குட்டி இல்லை. கடையை மூடினார். வீட்டை மூட முடியவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் கூடம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. படகு ஏறும் முன்பே குருவிடம் கேட்டுவிட்டார்.

"என்னை ஆசிரமத்துலயே சேர்த்துக்குங்கம்மா. அந்த வீட்டுக்கு இனிமே என்னால திரும்பிப் போக முடியாது."

"முதல்ல படகுல வாங்க ஐயா. கரை திரும்பறதுக்குள்ள சொல்றேன்."

அந்தப் பதிலுக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். தீவுகளைப் பார்க்க அல்ல.

தீவுகள் என்னவோ கொள்ளை அழகாகத்தான் இருந்தன. ஒன்றைச் சுற்றி வந்தால் இன்னொன்று நிற்கும். மற்றவர்கள் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். அதிலும் திலகா என்கிற நர்ஸுக்கு வாய் ஓயவே ஓயாது. யாரையும் சும்மா உட்கார விடமாட்டாள்.

"சார், மோர் தரட்டுமா?"

"நாங்க சாயங்காலத்துல மோர் தொடறதில்லம்மா."

"பாட்டுக்குப் பாட்டு விளையாடலாம் சார். நாம ரெண்டு பேரும் ஒரு கட்சி."

"நாங்க அதெல்லாம் விளையாடறதில்லம்மா."

"நாம அந்தத் தீவுல இறங்கிக் குளிப்போமா சார்?"

"நாங்க உப்புத் தண்ணியில குளிக்கறதில்ல."

குறை சொல்ல முடியாத மரியாதையோடுதான் சொன்னார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது. அப்புறம் திலகா கேட்பதை நிறுத்திவிட்டாள். படகின் முன்பக்கம் அவர்கள் பாடிச் சிரித்தார்கள். பின்பக்கம் இவர் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தார். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று அவருக்கு மனத்தாங்கல்.

ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரம், பூரணத்தம்மாள் தனியாக நின்றபோது அருகில் போனார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க ஐயா."

"வீட்டுல தனியா இருந்தேன், தனிமையா இருந்துச்சு. அது சரி. இங்க இத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தர் கால் இன்னொருத்தர் மேல படற மாதிரி படுத்துத் தூங்கறோம். இங்கயும் எனக்கு ஏம்மா யாருமே இல்ல?"

குரு கடலைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"நாங்க ராத்திரிக்குப் பழம்தாம்மா."

பூரணத்தம்மாள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கேட்ட கேள்விக்கு இதுதானா பதில் என்று உமையொருபாகத்துக்குக் கோபமே வந்தது.

மறுநாள் ஒரு குட்டித் தீவின் பக்கம் நங்கூரம் போட்டார்கள். வெள்ளை மணல், உள்ளே நல்ல தண்ணீர் ஊற்று. படகோட்டி ராயப்பன் சின்னத் தோணியை இறக்கினார்.

"ஐயா, வரலையா?" என்று கேட்டார் குரு.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. நாங்க இங்கயே இருக்கோம்."

"சரி" என்றார் குரு. ராயப்பனிடம் திரும்பி ஏதோ சொன்னார்.

தோணி போயிற்று. வெயிலும் தண்ணீரும் மட்டும் மிஞ்சின. கரையில் ஆட்கள் விரலளவு தெரிந்தார்கள். அவர்கள் சிரிப்பு காற்றில் பாதி வந்தது, பாதி வரவில்லை.

பசியெடுத்ததும் உமையொருபாகம் நிழலுக்கு வந்தார். பாய்மரத்தின் அடியில் அவருக்கான சாப்பாடு மூடி வைத்திருந்தது. திறந்தார்.

இரண்டு தட்டு. இரண்டிலும் எலுமிச்சம் சாதம், அப்பளம், ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். பக்கத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர்.

ராயப்பன் ஆள் கணக்குத் தப்பிவிட்டார் என்று நினைத்தார். ஒரு தட்டை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிடும்போது எதிரே இருந்த தட்டைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. அது அவருக்கு எதிரே சரியாக, ஒருவர் சம்மணம் போட்டு உட்காருகிற இடம் விட்டு, வைக்கப்பட்டிருந்தது.

கணக்குத் தப்பவில்லை.

நான்காவது கவளம் இறங்கவில்லை. எச்சில் கையோடு அப்படியே இருந்தார். அப்புறம், மயானத்தில்கூட அழாத மனிதர், படகில் யாரும் பார்க்காத இடத்தில் வாய்விட்டு அழுதார்.

வெயில் சாய்ந்ததும் தோணி வந்தது. குரு மட்டும் ஏறினார். மற்றவர்களைக் கூட்டிவர ராயப்பன் திரும்பித் துடுப்பு வலித்துப் போனார்.

பூரணத்தம்மாள் நிறைந்திருந்த தட்டைப் பார்த்தார்.

"இது அப்படியே இருக்கே ஐயா."

"யாருக்கும்மா வச்சீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, நாங்க இங்கயே இருக்கோம்னு. ஒரு ஆள் இருக்கப்போறார்னு நான் எப்படி நினைக்கறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாப்பது வருஷப் பழக்கம்மா. வாயில வந்துடுது. இனிமே நான்..." அந்தச் சொல் வெளியே வரச் சிரமப்பட்டது. "நான்னு சொல்லிப் பழகிக்கறேன்."

"அப்படிச் சொல்லுங்கன்னு நான் கேட்டேனா?"

"பின்னே?"

"அவங்க பேர் என்ன?"

உமையொருபாகம் நிமிர்ந்தார்.

"அவங்களும் நம்ம கூடவே வர்றாங்க. மோர் வேணாங்கறாங்க, பாட்டு வேணாங்கறாங்க. எங்க யாருக்கும் அவங்க பேர்கூடத் தெரியாது."

"சௌந்தரம்" என்றார். "தண்ணின்னா அவளுக்கு அவ்வளவு பயம். பூம்புகார் போனா மணல்லயே உக்காந்து என் செருப்பைக் காவல் காப்பா" என்றார். சொல்லும்போது சிரிப்பு வந்தது, அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"திலகா உங்களை எப்படிக் கூப்பிட்டா ஐயா? நாம குளிப்போமான்னு."

"ஆமாம்மா."

"அவ சொன்ன வார்த்தையில நீங்க இருந்தீங்க. நீங்க சொன்ன வார்த்தையில அவ இருந்தாளா?"

கரையிலிருந்து தோணி புறப்பட்டுவிட்டது. பேச்சுக் குரல்கள் தண்ணீர் மேல் வந்தன. அவர்கள் வந்து ஏறிவிட்டால் அப்புறம் கேட்க முடியாது என்று உமையொருபாகத்துக்குப் பதற்றமாகிவிட்டது. மனசில் இருந்ததைக் கேட்டே விட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நாளைக்குத் திரும்பறோம். இன்னும் நீங்க பதில் சொல்லல. என்னை ஆசிரமத்துக்குள்ள சேர்த்துக்குவீங்களா, மாட்டீங்களா?"

பூரணத்தம்மாள் குனிந்து அந்தத் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"உங்களை உள்ள விடறதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல ஐயா" என்றார். "நாங்கதான் வெளியில நிக்கறோம்."