சுருக்கெழுத்தில் ஒரு குழாயடிச் சண்டை

திருவல்லிக்கேணியில் சேஷகிரி ராவ் என்று ஒரு வாத்தியார் இருந்தார். இங்கிலீஷ் சுருக்கெழுத்துக்குத் தானே ஒரு புஸ்தகம் போட்டு, எந்தப் பாஷையில் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் எழுதிவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். வகுப்பைப் பெருக்கும் செங்கேணி ஒருநாள் அவர் எழுத்தைப் பார்த்து வாய் தவறி, "கோழி கிளறினாப்போல இருக்குதே சாமி" என்று சொல்லிவிட்டாள். வந்தது வினை.

"நாளைக்கு எல்லார் முன்னாலும் பேசு. ஒரு வார்த்தை விடாமல் நான் எழுதிப் படித்துவிட்டால், துடைப்பத்தை வைத்துவிட்டு நடையைக் கட்டு" என்றார் ராவ்.

மறுநாள் நல்ல கூட்டம். செங்கேணி மூச்சுவிடாமல் ஒரு குழாயடிச் சண்டையை அவிழ்த்துவிட்டாள். ராவ் பேனாவை ஓட்டினார். பிறகு தாளைப் பார்த்து ஒரு வசவு விடாமல் படித்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தாளை மேஜையில் வைத்துவிட்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

செங்கேணி மேஜையைத் துடைத்தபடி ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இன்னொரு வாட்டி படிங்க சாமி. கேட்டுட்டே போயிடறேன்."

அவரும் அட்சரம் பிசகாமல் மறுபடி படித்தார்.

"அது நேத்து நீங்க குப்பையில போட்ட தாளு சாமி. என் சண்டை இதோ, என் முந்தானையில இருக்குது."

அடுத்த வாரம் வாசலில் பலகை மாறியது: 'ஞாபகசக்தி வகுப்பு.' பெருக்க வந்தவள் மட்டும் அதே செங்கேணிதான்.