பட்டுக்குள் தூங்கிய கத்தி

கடற்கரை உப்பு மாட்டு முதுகேறி மலைநாட்டுக்குப் போன காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில் மருதாசலம் என்றோர் உப்பு வணிகன் வாழ்ந்தான். நல்லவன்தான். ஆனால் விலை குறைந்த பொருளைக் கண்டால் முகம் சுளிப்பான். கத்தரிக்காயைக்கூட விலை கூடச் சொல்லும் கடையில்தான் வாங்குவான். அவன் மனைவி நீலாயி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மலைப்பாதையில் முள்ளும் பாம்பும் அதிகம். அதனால் உப்பு வணிகர், ஆணும் பெண்ணும், முழங்கால்வரை மூடும் தோல் செருப்பு அணிவார்கள். அதற்குள் ஒரு கத்தியும் செருகியிருப்பார்கள். மாடு சறுக்கினால் சுமைக் கயிற்றை உடனே அறுக்க வேண்டும். சுமை போனால் மாடு பிழைக்கும்.

ஓர் ஆண்டு இருவர் கத்தியையும் உப்பு தின்றுவிட்டது. புதியது வாங்கக் கொல்லரிடம் போனார்கள்.

கொல்லர் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். ஒன்றுக்குத் தந்தப் பிடி, அதில் மயில் வேலைப்பாடு. ஒன்று மடக்குக் கத்தி. ஒன்று வெறும் இரும்பு, வேப்பமரப் பிடி. மடங்காது, மினுங்காது, விலையும் சொற்பம்.

மருதாசலம் மூன்றுக்கும் விலை கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை. தந்தப் பிடிதான் விலை அதிகம் என்றதும் அதை எடுத்துக்கொண்டான்.

நீலாயி மடக்குக் கத்தியை விரித்து மரக்கட்டையில் அழுத்தினாள். அது அவள் விரல் பக்கமே மடங்கி வந்தது. வைத்துவிட்டாள். இரும்புக் கத்தியை உறையோடு செருப்பில் செருகினாள். உட்கார்ந்தாள், குத்தவில்லை. நடந்தாள், நழுவவில்லை. குனிந்து இழுத்தாள், ஒரே இழுப்பில் கைக்கு வந்தது. சந்தையே வேடிக்கை பார்த்தது. மருதாசலம் யாரோ போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பயணத்தில் நீலாயி அந்தக் கத்தியால் கிழங்கு நறுக்கினாள், முள் எடுத்தாள், விறகு சீவினாள். மருதாசலமோ தன் கத்தியில் உப்புப் பட்டுவிடுமென்று அதைப் பட்டுத்துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, செருப்புக்குள் வைத்தான். தலைவன் என்று நாலு பேர் அறிய, முன்மாட்டின் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்தான்.

உப்பு மாட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னே போனவர்களின் மூட்டையிலிருந்து உப்புநீர் வடிந்த பாறையைக் கண்டால் நக்காமல் நகராது. கணவாயின் குறுகிய வளைவில் முன்மாடு அப்படித்தான் ஓரத்துப் பாறைக்குக் கழுத்தை நீட்டியது. பின்கால்கள் சறுக்கின. முன்கால்கள் மட்டும் பாதையில் இருக்க, உடம்பு பள்ளத்தில் தொங்கியது. இடுப்புக் கயிறு மருதாசலத்தைக் குப்புறத் தள்ளி விளிம்புக்கு இழுத்தது.

அவன் செருப்புக்குள் கைவிட்டான். பட்டு வந்தது. முதல் முடிச்சை அவிழ்த்தான். இன்னும் ஒரு முழம் இழுபட்டான். இரண்டாம் முடிச்சை அவிழ்த்தான். தலை விளிம்புக்கு வெளியே போய்விட்டது. மூன்றாம் முடிச்சு இறுகிக்கொண்டது. உயிர் போகப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பின்னாலிருந்து நீலாயி ஓடிவந்தாள். குனிந்தாள், கத்தியை இழுத்தாள், சுமைக் கயிற்றை அறுத்தாள். உப்பு மூட்டைகள் பள்ளத்தில் உருண்டன. பாரம் குறைந்த மாடு முன்காலை ஊன்றித் தத்தளித்து மேலே ஏறிவிட்டது. மருதாசலமும் பிழைத்தான்.

நீலாயி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருக்குதுங்க. மெல்லமா அவுத்துட்டு வாங்க. நானும் மாடும் முன்னால போறோம்."

அடுத்த சந்தையில் மருதாசலம் வேப்பமரப் பிடிக் கத்தி ஒன்று வாங்கினான். கொல்லர் விலை சொன்னதும் அவர் காதருகே குனிந்து, "யாராச்சும் கேட்டா கொஞ்சம் கூட்டியே சொல்லுங்க" என்றானாம். அந்தப் பழக்கத்தை அறுக்கும் கத்தியை எந்தக் கொல்லரும் இன்னும் அடிக்கவில்லை.

ஆபத்து நேரத்தில் கைக்கு வராத பொருள், பொன்னாலேயே செய்திருந்தாலும், வெறும் சுமைதான்.