கெடுத்துக் காட்டுங்க, அண்ணாச்சி

சேந்தன்துறை சமூக வானொலிக்கு ஒரே ஒரு மேக் கணினிதான். பாட்டுப் போடுவது அதில்தான். மைக்கில் பேசுகிற பேச்சும் அதன் வழியாகத்தான் வெளியே போகும். மாலை நாலு மணிக்குக் கடல் நிலவரம் வாசிக்கும்போது கரையில் பாதிப் பேர் அதன் வாயைத்தான் பார்த்திருப்பார்கள்.

அதைக் கவனித்துக்கொண்டவர் சிலுவை. சரக்குக் கப்பலில் இருபத்தாறு வருஷம் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். ஐம்பத்து மூன்று வயதில் கரையேறி, முப்பத்து நாலு வயது தெல்மாவிடம் தொழில் படிக்கச் சேர்ந்தார். தெல்மா சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களின் மேக் கணினிகளை ஒன்பது வருஷம் பழுது பார்த்தவள். இப்போது நிலையத்தின் இயந்திரங்கள் அவள் பொறுப்பு. சிலுவை அவளை டீச்சர் என்று கூப்பிடுவார். முதல் மாதம் விளையாட்டாகக் கூப்பிட்டார்.

ஐப்பசியில் கணினி சண்டித்தனம் செய்யத் தொடங்கியது. ஒலிபரப்பின் நடுவே சத்தம் அறுந்துபோகும். திரையில் வண்ணச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். நிறுத்தி மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஒரு நாள் மூன்று தடவை நின்றது. அடுத்த நாள் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஒரு புதன்கிழமை சிலுவை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார். "தென்கிழக்கிலிருந்து காற்று மணிக்கு" என்பதோடு வானொலி நின்றது.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"அண்ணாச்சி, மணிக்கு எத்தனைன்னு சொன்னீங்க? எங்க வீட்டுக்காரர் வள்ளத்தைத் தள்ளப் போறார்."

"அம்பத்தஞ்சும்மா. தள்ள வேண்டாம்னு சொல்லு."

போனை வைத்தார். கேட்டவள் ஒருத்தி. கேட்காதவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் தெல்மா ஊரில் இல்லை. மதுரைக்குப் போயிருந்தாள், திங்கட்கிழமைதான் வருவாள். சிலுவை காலை ஏழு மணிக்கே நிலையத்தைத் திறந்து உட்கார்ந்தார். இன்று இதை ஒரு வழி பண்ணாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். இணையத்தில் மேக்காரர்கள் சொல்லியிருந்த வைத்தியம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வரிசையாகச் செய்தார். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி, அவசியமான செயலிகள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து பார்த்தார். கணினிக்குள் இருக்கிற வட்டைச் சோதித்தார். கணினி விழிக்கும்போது கூடவே விழிக்கிற குட்டிச் செயலிகளை எல்லாம் நிறுத்தினார். தேங்கிக் கிடந்த தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தார். பழைய பதிவுகளை நீக்கி இடம் உண்டாக்கினார். தேடல் அட்டவணையை அணைத்தார். புதிதாக ஒரு பயனர் கணக்கே தொடங்கினார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நோட்டில் பதினொரு வரிகளுக்கு டிக் விழுந்திருந்தது.

கணினி நிற்கவில்லை. வெள்ளி நிற்கவில்லை. சனி, ஞாயிறும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை தெல்மா வந்ததும் நோட்டை நீட்டினார்.

"சரியாயிட்டு டீச்சர்."

அவள் பதினொன்றையும் நிதானமாகப் படித்தாள்.

"எது சரியாக்குச்சு?"

"இதுல ஏதோ ஒண்ணு."

"எது?"

"எதுவா இருந்தா என்ன? ஓடுதுல்லா?"

"மறுபடி நின்னா என்ன செய்வீங்க?"

"பதினொண்ணையும் மறுபடி செய்வேன்."

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு மணி நேரம்."

"நாலு மணிக்கு நிலவரம் வாசிக்கும்போது நின்னா?"

தெல்மா நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"கெடுத்துக் காட்டுங்க, அண்ணாச்சி."

"என்னது?"

"முன்னால எப்படி நின்னுச்சோ அப்படி நிக்க வைங்க."

அவருக்குக் கோபம் வந்தது. கப்பலில் இப்படி ஒருவன் சொல்லியிருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பார்.

"புயல் மாசம் டீச்சர். ஓடுறதைப் போய் யாராவது கெடுப்பாங்களா?"

தெல்மா வாதம் செய்யவில்லை. ஒரு கைபேசியைக் கொண்டுவந்து பழைய சவுண்ட் மிக்சரில் பொருத்தினாள். மிக்சரை நேராக ஒலிபரப்பிக்குக் கொண்டுபோனாள். இரண்டு தடவை பேசிச் சோதித்துப் பார்த்தாள்.

"இனி ஊருக்கு இது பேசும். கணினிக்கு இப்ப வேற வேலை இல்லை. உங்க கையில விட்டுட்டேன்."

சிலுவை அன்று வீட்டுக்குப் போகும்போதும் கோபமாகத்தான் போனார். மறுநாள் காலையில் வந்து பதினோராவது வரியிலிருந்து பின்னோக்கித் தொடங்கினார்.

ஒன்றைத் திருப்புவார். இரண்டு மணி நேரம் பாட்டை ஓட விடுவார். நேரத்தை எழுதுவார். நிற்காது. அடுத்ததைத் திருப்புவார். நீக்கிய பதிவுகளை நகலிலிருந்து மீட்டார். துடைத்த தற்காலிகக் கோப்புகளைக் கணினியே மறுபடி சேர்த்து வைத்திருந்தது. வட்டுச் சோதனையைத் திருப்ப வழியில்லை. ஆனால் அது அன்றைக்கே குறை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பதினொன்றும் பழையபடி ஆயின. கணினி பாடிக்கொண்டே இருந்தது.

"கெட மாட்டேங்குது டீச்சர்."

"அப்போ இந்தப் பதினொண்ணுல எதுவும் இல்லை."

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதுகு ஒடிய உட்கார்ந்து போட்ட பதினொரு டிக்.

"பின்னே எது?"

"எழுதாம ஒண்ணு செஞ்சிருக்கீங்க."

"எழுதாம நான் எதுவும் செய்யலை."

"வந்தீங்க. பூட்டைத் திறந்தீங்க. அதுக்கப்புறம்?"

"உக்காந்தேன், ஆரம்பிச்சேன்."

"சரி," என்றாள் தெல்மா. எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிலுவை மறுபடி வந்தார். பதினொரு டிக் போட்ட அந்த வியாழக்கிழமையை அப்படியே செய்து பார்ப்பது என்று தீர்மானித்திருந்தார். பூட்டைத் திறந்தார். விளக்கைப் போட்டார். ஜன்னலைத் திறந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். விசைப்பலகையில் கை வைக்கப்போகும்போது மேசையில் உப்புப் புழுதி படிந்திருப்பதைக் கண்டார். கடல் காற்றுக்கு அது தினமும் படியும். எழுந்து துணியை எடுத்தார்.

துணியோடு நின்றுவிட்டார்.

அன்றைக்கும் துடைத்தார். துடைப்பதற்காக, கணினியில் இருப்பதை நகல் எடுத்து வைக்கிற வெளி வட்டின் வயரைப் பிடுங்கினார். அந்த வயர் அதுவரை, கணினியின் ஒரு துளையை நாலாகப் பிரித்துத் தருகிற ஹப்பில் இருந்தது. மைக்கின் குரலைக் கணினிக்குள்ளும் பாட்டை அதிலிருந்து வெளியேயும் கொண்டுபோகும் ஆடியோ பெட்டியும் அதே ஹப்பில்தான். துடைத்து முடித்தபோது ஹப் மேசைக்குப் பின்னால் சரிந்திருந்தது. குனிய அலுப்பாக இருந்ததால் வட்டின் வயரைக் கணினியின் முதுகிலிருந்த துளையிலேயே செருகிவிட்டார். அதை ஒரு வேலை என்றே அவர் நினைக்கவில்லை.

முழங்காலை மடித்துக் குனிந்து ஹப்பை எடுத்தார். வயரைப் பழைய துளையில் செருகினார். ஒரு பாட்டை ஓடவிட்டு, திரையின் மேலே, நகல் எடுக்கிற டைம் மெஷின் செயலியின் கடிகாரக் குறியைச் சொடுக்கி உடனே நகல் எடுக்கச் சொன்னார்.

வட்டு உறுமி எழுந்தது. அவர் மனதுக்குள் எண்ணினார். ஒன்பது எண்ணுவதற்குள் பாட்டு அறுந்தது. வண்ணச் சக்கரம் சுழன்றது.

சிலுவை சிரித்தார். தனியாக நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சக்கரத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுவோம் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பத்து மணிக்குத் தெல்மா வந்தாள். அவர் கெடுத்துக் காட்டினார்.

"இன்னொரு தரம்," என்றாள்.

வயரைக் கணினியில் செருகி நகல் எடுக்கச் சொன்னார். பாட்டு நிற்கவில்லை. ஹப்பில் செருகினார். நின்றது. கணினியில் செருகினார். ஓடியது. ஹப்பில் செருகியதும் மறுபடி நின்றது.

"ஏன்னு சொல்லுங்க."

"வட்டு சும்மா தூங்கும்போது தொந்தரவு இல்லை. நகல் எடுக்க எழுந்திருக்கும்போது ஹப்புல இருக்கிற மின்சாரத்தைப் பூரா உறிஞ்சிடுது. பக்கத்துல இருக்கிற ஆடியோ பெட்டி பட்டினியில மயங்கி விழுது. அது விழுந்ததும் ஒலிபரப்புச் செயலி பேந்தப் பேந்த முழிக்குது. நகல் எடுக்க நிறைய சேர்ந்த நாள்ல அடிக்கடி நிக்கும். சேராத நாள்ல நிக்காது."

தெல்மா தலையசைத்தாள். மிக்சரிலிருந்து கைபேசியைக் கழற்றி எடுத்தாள்.

"நாலு மணிக்குக் கணினியிலேயே வாசிங்க."

சிலுவை வட்டின் வயரைக் கணினியில் இறுக்கமாகச் செருகினார். ஹப்பில் காலியான துளையின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் விசையின்மேல் விரலை வைத்தார்.

"என்ன பண்ணுதீங்க அண்ணாச்சி?"

"அந்தப் பதினொண்ணையும் மறுபடி செஞ்சு வச்சிடுதேன் டீச்சர்."

"எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"கணினிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள் தெல்மா.